இடைநிலைப்பள்ளி நிர்வாகிகளின் வேலை அழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பதினோரு ஆண்டுகள் நிர்வாகத்தில் இருந்தேன். முதலில் மாலைப் பிரிவைப் பார்த்தேன், பிறகு மாணவர் நலப் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வீட்டிலும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் கிளினிக் வரிசையிலும் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் இளம் ஆசிரியர்கள் உண்டு, நிர்வாகிகளின் கணவன் மனைவிமார் உண்டு, பள்ளியோடு மனத்தாங்கல் உள்ள பெற்றோரும் உண்டு. எல்லாரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

"நிர்வாகின்னா பிரின்சிபல் ஒருத்தர்தானே? மத்தவங்க எல்லாம் வாத்தியாருங்கதானே?"

இல்லை. முதல்வரை மலாயில் பெங்கெதுவா என்போம். அவருக்குத் துணையாக மூன்று பேர் இருப்பார்கள்: நிர்வாகமும் பாடத்திட்டமும் பார்ப்பவர், மாணவர் நலம் பார்ப்பவர், விளையாட்டு, சங்கங்கள் போன்ற புறப்பாடம் பார்ப்பவர். ஆசிரியர் அறையில் யாரும் இப்படி நீட்டிச் சொல்வதில்லை. இந்தத் துணைப் பதவியின் மலாய்ப் பெயரைச் சுருக்கி, அதே வரிசையில் பி.கே. ஒன்று, பி.கே. ஹெம், பி.கே. கோகு என்றால்தான் எல்லாருக்கும் புரியும். காலை, மாலை என இரண்டு வேளை நடக்கும் பள்ளியில் மாலைக்குத் தனியாக ஒரு பி.கே. இருப்பார். ஆறாம் படிவம், அதாவது ஆறாம் ஆண்டு இடைநிலை வகுப்பு, இருந்தால் அதற்கும் ஒருவர். இவர்களுக்கு அடுத்த நிலையில் மொழி, அறிவியல்-கணிதம், மானுடவியல், தொழில்நுட்பம் என நான்கு துறைத் தலைவர்கள்.

பி.கே.க்கள் வகுப்புக்கும் போய்க் கற்பிக்கிறார்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஆசிரியர்கள்தாம், நிர்வாகம் அதற்கு மேல் வந்து சேர்ந்தது.

"பிரஷர் வாத்தியாருக்கும்தான் இருக்கு. இவங்களுக்கு மட்டும் என்ன தனியா?"

ஆசிரியரின் சுமை சின்னது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுமைக்கு ஓர் எல்லை தெரியும். என் வகுப்பு, என் பாடம், என் தாள் கட்டு என்று விரலை வைத்துக் காட்டலாம். நிர்வாகிக்கு அப்படிக் காட்ட முடியாது. காண்டீனில் சாப்பிட்ட பிள்ளைக்கு வயிற்றுவலி, பள்ளிப் பேருந்து வரவில்லை, மூன்றாம் மாடியில் குழாய் உடைந்தது, ஓர் ஆசிரியை மயங்கி விழுந்தார். இதில் எதுவும் அவர் செய்ததல்ல. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அவர்.

ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் ஒரு விளக்கம் சொன்னார். வேலை அதிகம் என்பதால் மட்டும் மனிதன் நொறுங்குவதில்லை. வேலை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருக்கும்போதுதான் நொறுங்குகிறான் என்றார். பள்ளி நிர்வாகத்துக்கு இது அப்படியே பொருந்துவதை என் கண்ணால் பார்த்தேன். பொறுப்பு நம் தலையில், பிடி வேறு யாரோ கையில். கீழே வரும் பதில்கள் பலவற்றில் இதே கதைதான் வேறு வேறு உருவத்தில் வரும்.

"அப்படி என்னதான் நடக்குது காலையில? ஏழரைக்குத்தானே பள்ளிக்கூடம்?"

என்னுடைய ஒரு சாதாரணக் காலையைச் சொல்கிறேன். மணி 6.20. புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஓர் ஆசிரியையின் முதல் செய்தி: "ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல், எம்.சி." எம்.சி. என்றால் மருத்துவ விடுப்பு. 6.35க்குள் இரண்டாவது, மூன்றாவது. 6.50க்குப் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து என்று தகவல் வரும். எங்கள் ஆசிரியர்களில் பாதிப்பேருக்குப் பாலத்துக்கு அக்கரையில், பட்டர்வொர்த்திலும் பிறையிலும் வீடு. தீவில் வீட்டு விலை அப்படி. பாலம் நின்றால் ஏழெட்டு வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் நிற்கும்.

அப்புறம்தான் ரிலீஃப். அதாவது வராத ஆசிரியரின் வகுப்புக்கு வேறொருவரை அனுப்புவது. யாருக்கு எந்த வேளை காலி என்று அட்டவணையைப் பார்த்து, நேற்று போனவரையே இன்றும் போடாமல், கர்ப்பமாக இருப்பவரை மூன்றாம் மாடிக்கு அனுப்பாமல், பதினைந்து நிமிடத்தில் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் பள்ளியில் அது பி.கே. ஒன்றின் வேலை, அவர் இல்லாத நாளில் என்னுடையது. அந்தத் தாளை நீட்டும்போது எதிரே இருப்பவரின் முகம் மாறும். அவருக்கும் அன்று இருந்தது அந்த ஒரே காலி வேளைதான். அந்த முகத்தை ஒரே காலையில் ஏழு தடவை பார்த்துவிட்டு, சபை கூடலில் மைக்கைப் பிடித்துச் சிரித்த முகத்தோடு "செலாமாட் பாகி" சொல்ல வேண்டும்.

இதெல்லாம் 7.30க்கு முன்னால். முதல் பாடம் இன்னும் தொடங்கவில்லை.

"காரணங்கள்னு ஆராய்ச்சிக்காரங்க ஏதாவது வகை பிரிச்சு வச்சிருக்காங்களா?"

வைத்திருக்கிறார்கள். எனக்குப் பயன்பட்டது பழைய ஒன்று. அமெரிக்காவில் வால்டர் கிமெல்ச்சும் அவருடைய கூட்டாளிகளும் பள்ளி நிர்வாகிகளுக்கென்றே ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். 1982இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, அழுத்தத்துக்கான காரணங்களை நான்காகப் பிரித்தது. ஒன்று, பங்கு தெளிவில்லாமை: என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் இருப்பது, அல்லது இரண்டு பேர் இரண்டு விதமாக எதிர்பார்ப்பது. இரண்டு, அன்றாட வேலைகள்: கூட்டம், அறிக்கை, தொலைபேசி, நடுவில் வந்து நிற்கும் ஆட்கள். மூன்று, வெளியாரோடு உறவு: மேலிடம், பெற்றோர், ஊர்க்காரர்கள். நான்கு, சண்டையை விலக்கி வைப்பது: மாணவனுக்கும் மாணவனுக்கும், ஆசிரியருக்கும் பெற்றோருக்கும், ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும்.

நம் ஊருக்கும் இது ஒத்துவருமா என்று கேட்டால், பெரும்பாலும் வரும் என்பேன். எனக்குத் தெரிந்த பி.கே.க்களில் இரண்டாவதைப் பற்றிப் புலம்பாதவர் கிடையாது. ஆனால் இரவில் தூங்கவிடாதது இரண்டாவது அல்ல. மூன்றும் நான்கும்தான்.

"எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சே, பேப்பர் வேலை குறைஞ்சிருக்கணுமே?"

குறையவில்லை. வருகைப்பதிவு ஒரு தளத்தில், மாணவர் விவரம் ஒன்றில், வகுப்பறை மதிப்பீட்டுப் புள்ளிகள் வேறொன்றில், பள்ளித் தரமதிப்பீடு இன்னொன்றில். ஏபிடிஎம், ஐடிமீ என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. ஒரு தளத்தை ஆசிரியர்கள் பழகி முடிக்கும்போது அடுத்தது வந்துவிடும். கடைசி நாளில் நாடு முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைவதால் தளம் திறக்காது. இரவு பதினொரு மணிக்கு மேல்தான் ஓடும் என்று அலாரம் வைத்து எழுந்து நிரப்பிய ஆசிரியைகளை எனக்குத் தெரியும்.

நிர்வாகிக்கு இதில் தனிப்பட்ட ஒரு வலி உண்டு. நிரப்ப வேண்டியவர் ஆசிரியர். நிரப்பாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகம் கூப்பிடுவது பி.கே.யை. "உங்கள் பள்ளி இன்னும் 94 விழுக்காட்டில் நிற்கிறது" என்று புலனக் குழுவில், மற்ற பள்ளிகள் எல்லாம் பார்க்க, ஒரு பட்டியல் வந்து விழும். இனி நான் போய் அந்த மிச்ச ஆறு விழுக்காட்டைத் துரத்த வேண்டும். அதற்குள் "செகேரா" என்று தலைப்பிட்டு இன்னொரு கடிதம் வந்திருக்கும். அந்த மலாய்ச் சொல்லுக்கு 'உடனடி' என்று பொருள். வாரத்துக்கு ஆறேழு கடிதம் அப்படி வந்தால் எதை முதலில் எடுப்பது?

"யு.பி.எஸ்.ஆர். போச்சு, பி.டி.3 போச்சு. தேர்வே இல்லாம என்ன டென்ஷன்?"

தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். 2021இல் ரத்தானது, மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 2022இல். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அப்படியேதான் இருக்கிறது, பள்ளியின் பெயரும் இன்னும் அதில்தான் தொங்குகிறது. முன்பு மூன்றாம் படிவத்திலேயே நாடு தழுவிய ஒரு தேர்வு பலவீனத்தைக் காட்டிக் கொடுத்தது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டையும் ஆண்டிறுதித் தேர்வையும் பள்ளியே நடத்தித் திருத்துகிறது. அந்தப் புள்ளிகள் நம்பத்தக்கவையா என்று உறுதிசெய்யும் வேலையும் பள்ளி நிர்வாகத்தின் மேலேயே விழுந்தது.

கல்வி ஆண்டு இடம் மாறிய கதையும் உண்டு. கோவிட்டுக்குப் பிறகு 2022இல் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. 2026இல்தான் மீண்டும் ஜனவரிக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விளையாட்டுப் போட்டி, நோன்பு மாதம், எஸ்.பி.எம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. அட்டவணை போட்ட பி.கே.க்களைக் கேட்டுப் பாருங்கள்.

"கணக்கு வழக்குன்னா ஏன் இவ்வளவு பயப்படுறாங்க? தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?"

அரசாங்கம் மாணவர் எண்ணிக்கைப்படி பள்ளிக்கு மானியம் தருகிறது. அது தலைப்புத் தலைப்பாக வரும். ஒரு தலைப்புக்கு வந்த பணத்தை நினைத்தபடி வேறொன்றுக்கு எடுக்க முடியாது. கழிவறைக் கதவு உடைந்து தொங்கும், வேறொரு தலைப்பில் பணம் இருக்கும், தொட முடியாது. தணிக்கைக்காரர்கள் வந்தால் பார்ப்பது தாளை. ஒரு விலைப்பட்டியல் குறைந்தாலும், தேதி முன்பின் மாறினாலும் எழுதிவைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்ட முதல்வர் இருபத்தைந்து ஆண்டுகள் வேதியியலோ வரலாறோ கற்பித்தவராக இருப்பார். கணக்கியல் அவர் படித்ததே இல்லை. அனுபவமுள்ள கிளார்க் ஒருவர் மாற்றலாகிப் போனால் முதல்வருக்குக் கை உடைந்தமாதிரி.

ஆகவே பயம் திருட்டைப் பற்றியது அல்ல. தெரியாமல் செய்த பிழை சேவைக் குறிப்பில் ஏறிவிடுமோ என்பதுதான்.

"பி.கே. ஹெம்னா பிரம்பைத் தூக்கிக்கிட்டு நடக்கிறதுதானே வேலை?"

இந்தக் கேள்வி என்னை நேராகத் தொடுகிறது. மாணவர் நலப் பிரிவு என்றால் கட்டொழுங்கு ஒரு பகுதி. மற்றவை பாடநூல் இரவல், உதவித்தொகை, ஆலோசகப் பிரிவு, காண்டீன், சுகாதாரம், பாதுகாப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் 150 ரிங்கிட் பள்ளி தொடக்க உதவி வந்த ஆண்டுகளில் அதைக் கொடுத்து முடிப்பதற்கே பல நாள் போனது. பெற்றோர் கையெழுத்துப் போட வர வேண்டும். பிரிந்து வாழும் தாயும் தகப்பனும் இருவருமே வந்து நிற்பார்கள்.

பிரம்புக்கும் விதி உண்டு. 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள்படி முதல்வரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் தொடலாம், பெண்பிள்ளைகளை அடிக்கவே கூடாது. தற்காலிக நீக்கமும் 14 நாளுக்கு மேல் போக முடியாது. ஊர்ப் பெரியவர்கள் "நாலு போடு போட்டால் திருந்துவான்" என்பார்கள். மறுநாள் அதே பையனின் தகப்பன் கைப்பேசியில் பதிவை ஓடவிட்டபடி அலுவலகத்துக்குள் வருவார். இரண்டு பக்கமும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

மட்டம் போடும் பிள்ளைக்கு மூன்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் முறை இருக்கிறது. மூன்றாவது கடிதத்தோடு ஒருமுறை நானே வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் பத்தாவது மாடி. பையன் தரையில் உட்கார்ந்து தங்கைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். அம்மா தொழிற்சாலையில் பகல் ஷிப்ட், பாட்டிக்குக் கால் எடுத்தாகிவிட்டது. கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். விதிப்படி அது என் தவறு. கோப்பில் என்ன எழுதுவது என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். அழுத்தம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த வாரம்தான்.

"நம்ம ஆளு ஒருத்தர் நிர்வாகத்துல இருந்தும் தமிழ் வகுப்பு ஏன் நடக்கல?"

இதைக் கேட்காத தமிழர் இல்லை, கேட்பதில் நியாயமும் உண்டு. 1996 கல்விச் சட்டப்படி, மலாயில் கற்பிக்கும் தேசியப் பள்ளிகளில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம். ஆனால் 15 கையெழுத்து கிடைத்தால் மறுநாளே வகுப்பு தொடங்கிவிடாது. தமிழ் கற்பிக்கத் தகுதியுள்ள ஆசிரியர் அந்தப் பள்ளியில் இருக்க வேண்டும். ஆசிரியரைப் பள்ளி நியமிப்பதில்லை. கேட்டு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அட்டவணையில் இடமில்லை என்றால் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு போகும். அப்போது பேருந்துப் பிள்ளைகள் இருக்க முடியாது. எண்ணிக்கை 15க்குக் கீழே இறங்கும்.

நடுவில் நிற்கும் தமிழ் நிர்வாகியின் நிலையைச் சொல்கிறேன். பெற்றோர் அவர் வீட்டு எண்ணுக்கே கூப்பிடுவார்கள். கோவிலில் பார்த்தால் கேட்பார்கள். தமிழ்ப் பள்ளி தலைமையாசிரியர் நண்பராக இருந்தால் அவரும் கேட்பார். பள்ளிக்குள்ளோ, இவர் தம் இனத்துக்காகத்தான் பேசுகிறார் என்று ஒரு பார்வை வந்துவிடக் கூடாதே என்ற கவலை. அதனால் வேறொரு பி.கே. ஒரு வரியில் கேட்டுவிடும் கோரிக்கையை இவர் நான்கு தடவை எழுதி அழித்துவிட்டுக் கேட்பார். மேலே சொன்ன நான்கு வகையில் முதலாவதும் மூன்றாவதும் இங்கே ஒரே ஆளின் மேல் சேர்ந்து உட்காருகின்றன.

பெற்றோருக்கு என் வேண்டுகோள்: கோரிக்கையை எழுத்தில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக, புதிய ஆண்டு அட்டவணை போடுவதற்கு முன்பே முதல்வரிடம் கொடுங்கள். கையில் ஒரு கடிதம் இருந்தால் அந்தத் தமிழ் நிர்வாகிக்குக் கூட்டத்தில் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும். புலனத்தில் அவரைத் திட்டுவதால் ஒரு வகுப்பும் திறக்காது.

"என் வீட்டுக்காரர் லீவு நாள்லயும் போனையே பார்த்துக்கிட்டு இருக்காரு. இது பழக்கமா, வேலையா?"

வேலை, அக்கா. பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். 2019 செப்டம்பர் புகைமூட்டம் நினைவிருக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும் என்பது விதி. மாலையில் 180ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று நூற்றுக்கணக்கான பெற்றோர் கேட்பார்கள். மேலிடத்திலிருந்து அறிவிப்பு வரும்வரை நாமாக எதுவும் சொல்லவும் முடியாது. அந்த இரவுகளில் யார் கைப்பேசியைக் கீழே வைப்பார்?

அதைவிடக் கடுமையானது 2017 வெள்ளம். நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய புயல் மழையில் பினாங்கு மூழ்கியது. 6ஆம் தேதி திங்கட்கிழமை எஸ்.பி.எம். தொடக்கம். ஞாயிறு முழுக்க ஐந்தாம் படிவப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். வீட்டில் தண்ணீரா, அடையாள அட்டை பத்திரமா, யார் கூட்டி வருவது? ஒரு பெண்பிள்ளை தண்ணீரில் நனைந்த புத்தகங்களைச் சொல்லி அழுதாள். அடுத்த நாள் தெரிந்தவர் வீட்டுப் பாவாடை சட்டையில் தேர்வுக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த மாதிரி இரண்டு நாளை ஒருமுறை பார்த்தவருக்கு, மழை பெய்தாலே கை தானாகக் கைப்பேசிக்குப் போகும்.

"பெண் நிர்வாகிகளுக்குக் கூடுதலா?"

ஆம். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு வேலை தொடங்குகிறது. மாலைக் கூட்டம் நீண்டால் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். வயதான மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக விடுப்புக் கேட்பவர்களும் அவர்கள்தாம். பதவி உயர்வு வேறு மாவட்டத்தில் வந்தால் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த இரண்டு திறமைசாலிகளை எனக்குத் தெரியும்.

"அவங்களுக்குப் பிரஷர்னா, அதை எங்க தலையில இறக்கலாமா?"

ஓர் இளம் ஆசிரியை கேட்டது. இறக்கக் கூடாது. ஆனால் இறங்குகிறது. நாசிர் என்று சொல்லும் பள்ளி ஆய்வாளர்கள் வரப்போகிறார்கள் என்றால் முதல்வர் பி.கே.க்களை அழுத்துவார், பி.கே.க்கள் துறைத் தலைவர்களை, அவர்கள் ஆசிரியரை. கடைசியில் வகுப்பறையில் ஒரு பையன் காரணமே தெரியாமல் திட்டு வாங்குவான்.

நானும் செய்திருக்கிறேன். ஒரு தரமதிப்பீட்டுக் கோப்பில் ஒரு பக்கம் குறைந்ததற்காகப் புதிதாக வந்த ஓர் ஆசிரியரை மற்றவர்கள் முன்னால் கத்திவிட்டேன். அன்று மாலையே மன்னிப்புக் கேட்டேன், அவரும் பரவாயில்லை ஐயா என்றார். அதற்குப் பிறகு அவர் என் அறைக்குள் தானாக வந்ததே இல்லை. உங்கள் பி.கே. அப்படிக் கத்தினால், அவர் மேல் என்ன அழுத்தம் இருந்தாலும், தனியாகப் போய் "எனக்கு அது வலித்தது" என்று சொல்லிவிடுங்கள். அது தவறல்ல.

"இது வெறும் களைப்பா, பர்ன்அவுட்டா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் பர்ன்அவுட்டைச் சேர்த்தது. நோயாக அல்ல, வேலையோடு சேர்ந்த ஒரு நிலையாக. மூன்று அடையாளம் சொல்கிறது: ஓய்ந்துபோகும் களைப்பு, வேலை மேல் வெறுப்போ விலகலோ, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். களைப்பு பள்ளி விடுமுறையில் இறங்கினால் அது களைப்பு. விடுமுறை முடிந்து வாசல் காவலரைப் பார்த்ததுமே நெஞ்சு கனத்தால், நன்றாகப் பேசும் பிள்ளையைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், அடுத்த கேள்வியின் பதிலையும் படியுங்கள்.

தூக்கம் கெடுவது, இரத்த அழுத்தம் ஏறுவது, சின்ன விஷயத்துக்கு எரிந்துவிழுவது எல்லாம் முதலில் வீட்டார் கண்ணில்தான் படும். அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

"யாருகிட்ட சொல்றது? சொன்னா பதவிக்கு ஆபத்து வந்துடாதா?"

பலர் வாயைக் கட்டிக்கொள்வது இந்தப் பயத்தால்தான். கல்வி இலாகாவிலும் மாவட்ட அலுவலகத்திலும் உளவியல் அதிகாரிகள் இருக்கிறார்கள். அரசுப் பணியில் அக்ராப் என்ற சக ஊழியர் ஆதரவுக் குழுவும் இயங்குகிறது. இருந்தாலும் தம் அலுவலகத்துக்குள்ளேயே பேச மனம் வராதவர்கள் உண்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அரசு சுகாதார கிளினிக்குக்குப் போய் மருத்துவரிடம் தூக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லித் தொடங்கலாம். மனநல உதவிக்கென்று சுகாதார அமைச்சு நடத்தும் 15555 என்ற ஹீல் எண்ணில் பேசலாம். நள்ளிரவில் மனம் இருண்டு போனால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற ஆதரவு அமைப்பின் 03-76272929 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பதவிக்கு ஆபத்து என்ற பயத்தைப் பற்றி: ஆலோசனைக்குப் போனதால் பதவி இழந்த யாரையும் என் காலத்தில் பார்க்கவில்லை. போகாமல் ஒருநாள் சபை கூடலிலேயே சுருண்டு விழுந்த ஒரு நண்பரைப் பார்த்தேன்.

"யோகா, ஊக்கமூட்டும் பட்டறை இதெல்லாம் உதவாதா?"

உடம்புக்கு நல்லது, செய்யுங்கள். நானும் பொட்டானிக் கார்டனில் காலை நடை போகிறவன். ஆனால் மேலே சொன்ன காரணங்களில் எது யோகாவால் போகும்? சனிக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லி வெள்ளிக்கிழமை மாலை கடிதம் வந்தால் அந்தப் பட்டறையே இன்னொரு சுமை.

எங்கள் பள்ளியில் உண்மையிலேயே உதவியது சின்னச் சின்ன ஏற்பாடுகள். இரவு எட்டுக்கு மேல் புலனக் குழுவில் அவசரம் தவிர எதுவும் போடக் கூடாது என்று ஒரு முதல்வர் சொன்னார், முதலில் அவரே கடைப்பிடித்தார். ரிலீஃப் பட்டியலைப் பி.கே.க்கள் முறை வைத்துப் போட்டோம். பெற்றோர் சந்திப்புக்கு வாரத்தில் இரண்டு மதியங்களை ஒதுக்கினோம். பாதிக் கோபம் வாசலில் காத்திருப்பதால் வருவது என்று அப்போதுதான் தெரிந்தது. புதிய முதல்வர் வந்ததும் இரண்டு ஏற்பாடுகள் போயின, ரிலீஃப் முறை மட்டும் நின்றது.

"என் மகளுக்குப் பி.கே. பதவி வந்திருக்கு ஐயா. ஏத்துக்கலாமா?"

பயமுறுத்தி அனுப்ப மாட்டேன். நல்ல பி.கே. ஒருவர் இருந்தால் ஆயிரம் பிள்ளைகளுக்கு வெளிச்சம். நான் வீடு தேடிப் போன அந்தப் பையன், தங்கையைப் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடான பிறகு, எஸ்.பி.எம். எழுதினான். இப்போது பாயான் லெப்பாஸில் டெக்னீஷியன். தீபாவளிக்கு இன்னும் செய்தி அனுப்புகிறான்.

ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தப் பள்ளிக்கு ஒரு நாள் போகச் சொல்லுங்கள். யார் யாருக்கு என்ன வேலை என்று எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கட்டும். இல்லையென்றால், முதல் வாரத்திலேயே முதல்வரோடு உட்கார்ந்து எழுதிவாங்கிக்கொள்ளட்டும். பழைய பி.கே. ஏன் போனார் என்று கிளார்க்கிடம் மெதுவாகக் கேட்கட்டும். அப்புறம், கடந்த மூன்று மாத ரிலீஃப் கோப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர் வரவில்லை என்றால் அது எல்லாப் பள்ளியிலும் உள்ளது. தினமும் ஏழெட்டுப் பேர், அதிலும் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பள்ளியில் ஏதோ சரியில்லை. அது என்னவென்று முதல்வரிடம் நேராகக் கேட்டு, அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.